செடி இல்லாத மூலை

காலை ஒன்பதரை மணிக்குப் பள்ளிக்கூடத்தின் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். திறந்து கிடந்தால் சில பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவிடும். சாவி வாட்ச்மேனின் இடுப்பில் தொங்கும். மறுபடி திறப்பது நான்கு மணிக்குத்தான். நடுவில் வெளியே போக வேண்டுமென்றால் அவரிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டிய இடத்துக்கு நான் போகிறவன் இல்லை. அதனால் ஒன்பது வருடம் அந்தக் கேட்டுக்கு உள்ளேயே இருந்தேன்.

என் மகளுக்கு மூளை முடக்குவாதம். கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கைகள் அவள் சொன்னபடி கேட்காது. பேச்சு இழுத்து இழுத்து வரும். காது கொடுத்து நின்றால் புரியும், ஆனால் யாரும் நிற்பதில்லை. புத்தியில் குறை ஒன்றும் கிடையாது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அவளுடைய ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாடப் புத்தகத்தை அவள் முன்னால் பிரித்துப் பிடிப்பேன். பக்கம் முடிந்தால் கண்ணைச் சிமிட்டுவாள், திருப்புவேன். நான் பாதிப் பக்கம் படித்து முடிப்பதற்குள் அவள் சிமிட்டிவிடுவாள்.

எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று பத்தாவது வரை ஒரு சிறப்புப் பள்ளி புதுக்கோட்டைக்கு வெளியே இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஒரு நிபந்தனை சொன்னார்கள். தானாகக் கழிப்பறைக்குப் போக முடியாத பிள்ளை என்றால் வீட்டிலிருந்து ஒரு ஆள் பகல் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். பள்ளியில் ஆயா ஒருவர்தான். சின்னப் பிள்ளைகளைப் பார்க்கவே அவருக்கு நேரம் போதாது.

என் மனைவி சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறாள். நிரந்தர வேலை, விட முடியாது. நான் சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், விடலாம். அதற்கு மேல் வீட்டில் பேச்சு இல்லை. மறுநாளிலிருந்து மகளை மொபெட்டில் எனக்குப் பின்னால் உட்காரவைத்து, ஒரு துண்டால் அவளையும் என்னையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போவேன். அங்கே பள்ளி வேன் வரும்.

துணைக்கு வருகிறவர்கள் இருக்க ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு நீளமான சிமெண்டுத் திண்டு. வருகிறவர்கள் எல்லாரும் தாய்மார்கள். ஆம்பளை நான் ஒருவன்தான். நான் போய் உட்கார்ந்ததும் பேச்சு சட்டென்று நிற்கும், பிறகு குரலைக் குறைத்துத் தொடரும். கடைசித் திண்டின் கடைசி ஓரத்தில், கால்களை ஒடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பேன். டவுனில் கோழிக்கடை வைத்திருப்பவரின் மனைவி ஒருவர் உண்டு. எல்லாருக்கும் அவர் அக்கா. அவர்தான் எனக்குப் பெயர் வைத்தார்.

“புதுப்பொண்ணு வந்துருச்சு, தள்ளி உக்காருங்கடி. தலையக் குனிஞ்சு அதுக்குக் கழுத்து வலிக்கப்போவுது.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஒன்பது வருடமும் அதே பெயர்தான்.

பன்னிரண்டு வயது வரை மகளை நானே கழிப்பறைக்குத் தூக்கிப் போனேன். அவள் வயதுக்கு வந்த பிறகு ஒரு நாள், கதவுக்கு முன்னால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “அப்பா... வேணாம்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளைத் தூக்கியபடி அங்கேயே நின்றேன்.

அப்போது மணமேல்குடிப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். அவருடைய மகனுக்குத் தசை சிதைகிற நோய். பையன் நல்ல கனம். தாய் ஒருத்தியால் தூக்க முடியாது. பையனின் படிப்புக்காகவே புதுக்கோட்டையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். கணவர் வெளிநாட்டில்.

“அண்ணே, இவன நீங்க தூக்கிக்கிட்டுப் போங்க. பாப்பாவ எங்கிட்டக் குடுங்க.”

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பதினோரு மணிக்கும் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நான் அவர் மகனைத் தூக்குவேன், அவர் என் மகளைத் தூக்குவார். கொட்டகையில் எல்லாமே இப்படித்தான் நடக்கும். ஒருத்தி மற்றவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டினால் அவள் இவளுடைய பிள்ளைக்குக் காலில் பெல்ட் மாட்டிவிடுவாள். கைக்குக் கை. யாரும் இதைச் சட்டமாகச் சொன்னதில்லை. ஆனால் கொடுக்கக் கை இல்லாமல் கேட்கக் கூடாது என்று நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவோடு நான் மொத்தமாகப் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பேசத் தேவையில்லாமல் இருந்ததுதான் எனக்குப் பிடித்திருந்தது.

மகள் பத்தாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் அவர்கள் போய்விட்டார்கள். கணவர் ஊரோடு திரும்பி வந்து, எல்லாரும் மணமேல்குடியில் ஒன்றாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். கடைசி நாள் வேன் கிளம்பும்போது அந்த அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னார்.

“அண்ணே, கோழிக்கடை அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. அவங்க பாத்துக்குவாங்க.”

தலையாட்டினேன்.

சொல்லவில்லை. அக்காவின் மகள் தானாக நடக்கிற பிள்ளை. வளர்ச்சிதான் குறைவு. தூக்க வேண்டியதில்லை, ஊட்ட வேண்டியதில்லை. அவருக்கு நான் செய்ய ஒன்றுமே இல்லை. அதோடு அவர் வாய். அத்தனை பேர் முன்னால் ‘என் மகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்க’ என்று நான் கேட்பதும், அதற்கு அவர் ஏதோ சொல்வதும், கொட்டகை முழுக்கச் சிரிப்பதும், நடக்காமலே எனக்கு நடந்து முடிந்திருந்தது. முதல் நாள் ஆயாவை எதிர்பார்த்து நின்றேன். அவர் ஒரு சின்னப் பிள்ளையின் உடையை மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து “என்னங்க?” என்றார். “ஒண்ணுமில்லங்க” என்று வந்துவிட்டேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவளே ஒரு வழி செய்துகொண்டாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

அவளுடைய பாட்டில் ஒரு லிட்டர் பிடிக்கும். மூடியில் உறிஞ்சு குழாய் வைத்தது. தினமும் காலையில் மனைவி கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பிக் கொடுப்பாள். முன்பெல்லாம் மூன்று மணிக்குள் காலியாகிவிடும். அந்த ஜூனில் நாலு மணிக்கு எடுத்துப் பார்த்தால் நிறைந்தபடியே இருக்கும். சோற்றோடு இரண்டு மிடறு, அவ்வளவுதான். பதினோரு மணிக்கு வகுப்பு வாசலில் போய் நின்று, போக வேண்டுமா என்று கண்ணால் கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவாள். திரும்பி வந்து உட்காருவேன்.

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் கேட்காமல் கழிந்தது என்ற நிம்மதி.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வீட்டில் மனைவி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன இது, வச்ச தண்ணி வச்சபடி இருக்கு?” என்றாள்.

“பள்ளிக்கூடத்துல புது மிஷின் வச்சிருக்காங்க. அந்தத் தண்ணி குடிக்கிறா” என்றேன்.

மிஷினும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை கேட்க வராத வாய்க்குப் பொய் மட்டும் நன்றாக வந்தது. மகள் பக்கத்தில்தான் இருந்தாள். என்னைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் நாலு மணிக்கு, வேன் ஏறுவதற்கு முன்னால், கொட்டகைக்குப் பின்புறம் மதில் மூலைக்குப் போய்ப் பாட்டிலைக் கவிழ்ப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மண்ணில் ஒரு குழி விழுந்தது. அது நாளுக்கு நாள் பெரிதானது.

அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“ஏய், இங்கிட்டு வந்து பாருங்கடி. புதுப்பொண்ணு செடிக்குத் தண்ணி ஊத்துது.” கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு, “அங்கிட்டுச் செடியே இல்லையேண்ணே” என்றார்.

சிரித்து மழுப்பிவிட்டு வேனில் ஏறினேன்.

இப்படி ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. ஒவ்வொரு நாள் கடக்கும்போதும் கேட்பது இன்னும் கடினமானது. இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அதற்கு ஒரு பதில் வேண்டுமே. முதல் நாள் ஒரு வார்த்தையாக இருந்தது இப்போது ஒரு பெரிய கதையாகிவிட்டது. மகளின் உதடு வெடித்திருந்தது. வெயில் என்று சொல்லி மனைவி வெண்ணெய் தடவினாள். நானும் வெயில் என்றேன்.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் அவளுக்குக் குளிர் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போட்டது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பெண் டாக்டர். சோதனை செய்துவிட்டு, சிறுநீரில் கிருமி, மேலே கிட்னி வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார். பிறகு மகளிடம் குனிந்து கேட்டார்.

“ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்தேன்.

“குடிக்... கிறேன்” என்றாள்.

எனக்காகச் சொன்னாள். காய்ச்சலில், அந்த இழுக்கும் நாக்கோடு, எனக்காக ஒரு பொய்.

ஒரு வாரம் படுக்கை. காலாண்டுத் தேர்வு போய்விட்டது. வகுப்பு டீச்சர் போனில், இன்னும் நிறைய நாள் விட்டால் இந்த வருடம் பொதுத்தேர்வு எழுத வைப்பது சிரமம் என்று சொன்னார். போனை மனைவிதான் வாங்கிப் பேசினாள். வைத்துவிட்டுச் சொன்னாள்.

“போதும். பத்தாவது எழுதி இவ என்ன கலெக்டராவா ஆகப்போறா? புள்ள உசுரோட இருந்தாப் போதும் எனக்கு. நாளைக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துருங்க.”

மகள் படுக்கையிலிருந்து ஏதோ சொன்னாள். வேகமாகச் சொல்லப் பார்த்ததால் குழறியது. மனைவி, “என்னத்தா, தூங்கு” என்றாள். எனக்குப் புரிந்தது. ‘அப்பா, சொல்லுப்பா’ என்றாள். மனைவிக்குப் புரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஒரு தாளில், உடல்நிலை காரணமாக மகள் படிப்பை நிறுத்திக்கொள்கிறாள் என்று என் கையெழுத்தில் எழுதி, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக வேனில் போனேன். துண்டு கட்டாமல் மொபெட் ஓட்டியபோது முதுகு வெறுமையாக, குளிராக இருந்தது. கேட்டுக்குள் போனதும் வாட்ச்மேன் வழக்கம்போல் பூட்டினார். டீச்சர் பத்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். கொட்டகையில் என் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பாப்பா எங்கண்ணே?” என்றார் அக்கா.

“ஒடம்பு சரியில்லக்கா.”

“என்ன ஒடம்புக்கு?”

சொல்ல முடியவில்லை. என்ன நோய் என்று அத்தனை பெண்கள் மத்தியில் எப்படிச் சொல்வது? சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டேன். அக்கா எழுந்து வந்து அதை உருவிக்கொண்டார். விரித்துப் படித்தார். படித்துவிட்டுக் கொட்டகையின் பின்பக்கம் திரும்பி, அந்த மூலையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி என் பக்கம் திரும்பியபோது முகத்தில் கேலி இல்லை.

“மணமேக்குடிக்காரி போனதுக்கப்புறம் பாப்பாவ யாரு கூட்டிப்போனது?”

திண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, ஒங்களத்தான் கேக்குறேன். ஆயான்னு நெனச்சுல்ல இருந்தோம் நாங்க. ஆயா இல்லையா?”

“இல்லக்கா.”

“மூணு மாசம்.” அவர் குரல் ஏறியது. “மூணு மாசமா அந்தத் தண்ணி பாப்பா குடிக்காத தண்ணியா? அட பாவி மனுசா! பக்கத்துல இத்தன பொம்பளைங்க உக்காந்திருக்கோம். ஒரு வார்த்த கேட்டா ஒங்க வாயிலேருந்து முத்தா உதிந்துரும்?”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஒங்களுக்குச் செய்ய எங்கிட்ட ஒண்ணுமில்லையேக்கா” என்றேன். ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “எம்புள்ள நடக்குறா, அதனால கேக்கல. அப்படித்தானே? ஏண்ணே, எம்புள்ள நடக்குறது ஒங்க புள்ள தண்ணி குடிக்கிறதுக்குத் தடையா? எங்கிட்டுப் படிச்சீங்க இந்தச் சட்டத்த?”

தாளைச் சுருட்டித் தன் சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இது எங்கிட்ட இருக்கட்டும். புள்ளைக்குச் சரியானதும் கூட்டியாங்க. வரும்போது அந்தப் பாட்டில நெறச்சுக் கொண்டாங்க. நான் குடிக்க வைக்கிறேன், நான் கூட்டிப்போறேன். நீங்க அங்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டே உக்காந்திருங்க.”

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். மிஷின் கிடையாது, தண்ணீரைக் கீழே ஊற்றியது நான் என்று சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை பாட்டிலை நிரப்பி, என் கையில் கொடுக்காமல் மகளின் மடியில் வைத்தாள்.

அக்கா சொன்னபடி செய்தார். மணி அடித்தால் போதும், “ஏத்தா, வா” என்று வந்து தூக்கிக்கொள்வார். மகள் குடித்தாள், படித்தாள். அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிற முறையில், கூடுதல் நேரத்தோடு பொதுத்தேர்வு எழுதினாள். தேர்ச்சியும் பெற்றாள். ஆனால் அந்த ஏற்பாட்டில் என் பங்கு ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கண்டுபிடித்தார்கள். மகளுக்கும் அது தெரியும்.

சிறப்புப் பள்ளி பத்தாவதோடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் மற்றப் பிள்ளைகளோடு சாதாரண மேல்நிலைப் பள்ளிதான். மகள் படிக்க வேண்டும் என்றாள். இந்தத் தடவை மனைவிக்கும் புரியும்படி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் இடம் கொடுத்தார்கள். வகுப்பைக் கீழ்த்தளத்தில் போட்டார்கள், பள்ளியிலேயே ஒரு சக்கர நாற்காலியும், அது ஏற ஒரு சரிவுப் பாதையும் இருந்தன. துணைக்கு நான் கேட்டுக்கு உள்ளே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம் என்றார்கள். அங்கே கொட்டகை இல்லை. தாய்மார்கள் இல்லை. அக்கா இல்லை. அந்தக் கேட்டையும் பூட்டத்தான் செய்தார்கள்.

முதல் நாள் மொபெட்டில் போகும்போது, சொல்ல வேண்டியதை வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மா ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். ‘அக்கா, எம்புள்ளையப் பதினோரு மணிக்குக் கொஞ்சம் கூட்டிப்போகணும்.’ ஏழெட்டு வார்த்தை கூட இல்லை. வகுப்பு வாசலில் மகளை நாற்காலியில் உட்காரவைத்தேன். அந்த அம்மா மைதானத்தின் அங்கிட்டு ஓரத்தில் வாதாம் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அவர் குனிந்தே இருந்தார். வேலையாக இருக்கிறார், அப்புறம் கேட்கலாம் என்று நினைத்தேன். நினைத்த உடனே என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

மகள் பாட்டிலைக் கேட்டாள். குழாயை உதட்டுக்கு நேராகப் பிடித்தேன். உறிஞ்ச ஆரம்பித்தாள். கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. பாதி குறைந்ததும் எடுக்கப் போனேன், தலையை அசைத்து விடமாட்டேன் என்றாள். மூச்சு வாங்கினாள், மறுபடி குடித்தாள். தாவாயில் வழிந்து தாவணியெல்லாம் நனைந்தது. கடைசியில் காலிப் பாட்டிலில் குழாய் சத்தம் போட்டது. அப்புறம்தான் வாயை எடுத்தாள்.

“அப்பா... ஒரு மணி நேரந்... தான்” என்றாள்.

முகத்தில் சிரிப்பு இருந்தது, விளையாட்டு இல்லை. வகுப்பு மணி அடித்தது. அவள் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

காலிப் பாட்டிலோடு மைதானத்தைக் கடந்தேன். அந்த அம்மாவுக்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். விளக்குமாற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

“அக்கா” என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், சத்தமாகக் கூப்பிட்டேன்.